பயிர்களின் வைரஸ் நோய்களும் அவை புகும் வழிகளும்

வாழைத் தோட்டத்தில் நாலைந்து மரங்களின் குருத்து விரியாமல் குறுகிக் கொத்தாக நிற்பதைக் கண்டவுடன் குடியானவர் பெரும்பாலும் மருந்துக் கடையை நாடியே செல்கிறார். பயிரின் நிலையை வாயால் சொல்லி, அங்கே எடுத்துக் கொடுப்பதை வாங்கிவந்து தெளிக்கிறார். அது பூஞ்சாணத்தைக் கொல்லும் மருந்தாக இருக்கலாம். பாக்டீரியாவைக் கொல்லும் ஸ்டிரெப்டோமைசின் வகையாக இருக்கலாம். டானிக் என்ற பெயரால் விற்கப்படும் ஏதோ ஒரு திரவமாகவும் இருக்கலாம். பத்து நாள் கழித்து மறுபடியும் தெளிக்கிறார். அதற்குள் நோய் இன்னும் பல மரங்களில் தலைகாட்டிவிடுகிறது. வெண்டையில் மஞ்சள் நரம்புத் தேமல், உளுந்தில் மஞ்சள் தேமல், மரவள்ளியில் இலைத் தேமல், பப்பாளியில் வளையப்புள்ளி ஆகிய எல்லாவற்றிலும் நடப்பது இதுவே. இந்நோய்கள் அனைத்தும் வைரஸ்களால் உண்டாகின்றவை. வைரஸானது பயிரின் உயிரணுவுக்குள் புகுந்து தன் மரபுப் பொருளை அவிழ்த்துவிட்ட பிறகு, வயலில் தெளித்து அதைக் குணப்படுத்தக்கூடிய மருந்து எதுவும் இன்றுவரை கிடையாது. இவ்வுண்மை கிராமங்களில் போதுமான அளவு உணரப்படாமையே வீண் செலவுக்கும், அதைவிடப் பெரிய நஷ்டத்தைத் தரும் காலதாமதத்துக்கும் காரணமாகும்.

வைரஸ் என்பது பூஞ்சாணமும் அன்று, பாக்டீரியாவும் அன்று. அது உண்பதில்லை, மூச்சுவிடுவதில்லை, தானாக நகர்வதும் இல்லை. ஆர்.என்.ஏ. அல்லது டி.என்.ஏ. எனப்படும் மரபுப் பொருளாலான மிக மெல்லிய இழை ஒன்றும், அதைச் சுற்றிய புரதத்தாலான உறை ஒன்றுமே பெரும்பாலான பயிர் வைரஸ்களின் முழு உடைமை. உயிரணுவுக்கு வெளியே அது வெறும் தூசிக்குச் சமானம். இதைக் கண்டறிந்த வரலாறு புகையிலைப் பயிரிலிருந்தே தொடங்குகிறது. ஹாலந்து நாட்டில் அடால்ஃப் மேயர் என்பவர் 1886-ல், தேமல் கண்ட புகையிலையின் சாற்றை நல்ல செடியில் செலுத்தினால் அச்செடிக்கும் நோய் வருவதைக் காட்டினார். ருஷ்ய நாட்டு இவனோவ்ஸ்கி 1892-ல், பாக்டீரியாக்களைத் தடுத்து நிறுத்தும் நுண்ணிய வடிகட்டியில் அச்சாற்றை வடித்த பின்னும் நோய் உண்டாக்கும் சக்தி அதில் குறையாமலிருப்பதைக் கண்டார். 1935-ல் அமெரிக்காவில் ஸ்டான்லி இந்த வைரஸை உப்பையும் சர்க்கரையையும் போலப் படிகமாக்கிக் காட்டியபோது உலகமே வியந்தது. 1956-ல் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே நடந்த ஆராய்ச்சிகள், உறையை முற்றிலும் நீக்கிய வெறும் ஆர்.என்.ஏ. இழையே செடிக்கு நோயைத் தரவல்லது என்பதை நிலைநாட்டின. நோய் என்பது உறைக்குள் இருக்கும் இழையின் வேலை. அவ்விழையை உயிரணுவுக்குள் கொண்டு சேர்ப்பதே உறையின் வேலை.

அவ்விழை உள்ளே செல்லும் விதம் உயிருக்கு உயிர் மாறுபடுகிறது. பாக்டீரியாவைத் தாக்கும் ஒருவகை வைரஸ், தன் வால் போன்ற உறுப்பைப் பாக்டீரியாவின் மேல் ஊன்றி, சுவரை அவ்விடத்தில் கரைத்துத் துளையிட்டு, இழையை மட்டும் உள்ளே செலுத்திவிட்டு உறையை வெளியே விட்டுவிடுகிறது. 1952-ல் ஹெர்ஷி, சேஸ் என்னும் இருவர் செய்த பரிசோதனை இதனைத் தெளிவாக்கிற்று. கால்நடைகளின் கோமாரி நோய் வைரஸ் வேறு வழியைக் கைக்கொள்கிறது. மாட்டின் உயிரணுவுக்குச் சுவர் கிடையாது. மெல்லிய சவ்வு மட்டுமே உண்டு. அச்சவ்வின் மேலுள்ள ஒருவகைப் புரதத்தை வைரஸ் பற்றிக்கொள்ள, உயிரணு தன் வழக்கப்படி அதை ஒரு சிறு பையாக உள்ளே இழுத்துக்கொள்கிறது. அப்பையில் இலேசான புளிப்பு உண்டாகும். அந்தப் புளிப்புப் பட்டவுடன் வைரஸின் உறை பன்னிரண்டு துண்டுகளாகச் சிதறி, உள்ளிருந்த ஆர்.என்.ஏ. வெளிப்படுகிறது. புளிப்பும் காரமும் தாங்காத இந்த இயல்பினாலேயே, கோமாரி கண்ட கொட்டில்களைச் சலவைச் சோடாவை நூற்றுக்கு நான்கு பங்கு கரைத்த நீரால் கழுவும்படி சொல்லப்படுகிறது. தடுப்பூசி போட்ட மாட்டின் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருள் வைரஸின் உறையில் ஒட்டிக்கொண்டு, உயிரணுவைப் பற்றவிடாமல் வாசலிலேயே அதைத் தடுத்துவிடும்.

மாட்டுக்கு ஊசி இருப்பதுபோல வாழைக்கும் ஒன்று இராதா என்று கேட்கும் குடியானவர்கள் பலர். கேள்வி நியாயமானதே. ஆனால் செடிக்கு இரத்தமும் இல்லை, அவ்வகை எதிர்ப்பொருளை உண்டாக்கும் உறுப்பும் இல்லை. அதற்குப் பதிலாகச் செடியிடம் இருப்பது சுவர். பயிரின் ஒவ்வோர் உயிரணுவையும் செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருளாலான கெட்டியான சுவர் சூழ்ந்திருக்கிறது. இலையின் வெளிப்புறத்தில் அதற்கும் மேலே மெழுகுப் பூச்சு வேறு. இச்சுவரைத் துளைக்கும் கருவி எந்தப் பயிர் வைரஸிடமும் கிடையாது. நோயுற்ற இலையின் சாறு நல்ல இலையின் மேல் நாள் முழுதும் கிடந்தாலும், இலையில் காயமில்லாதவரை நோய் உள்ளே செல்லாது. பயிரில் புகுவதற்கு வைரஸ் பிறர் உதவியை எதிர்பார்த்தே நிற்கிறது. நோயுற்ற செடியிலிருந்து எடுத்த கன்று, கரணை, விதை ஆகியவற்றுடன் அது முன்னமே உள்ளேயிருந்து வரலாம். மனிதன் கையாலும் கருவியாலும் ஏற்படும் காயத்தின் வழியாகப் புகலாம். சாறு உறிஞ்சும் பூச்சியின் ஊசிவாய் வழியாகப் புகலாம்.

காயத்தின் வழியாகப் புகுவதற்குப் புகையிலைத் தேமலே சிறந்த உதாரணம். தக்காளியையும் மிளகாயையும் தாக்கும் வைரஸ்களும் இதன் உறவினத்தில் உண்டு. இந்த வைரஸ் நேரான கோல் வடிவமுடையது. மூவாயிரத்து முந்நூறு கோல்களை முனையோடு முனை சேர்த்து வைத்தால் ஒரு மில்லிமீட்டர் நீளமே வரும். ஒவ்வொரு கோலிலும் ஏறக்குறைய 2,130 புரதத் துண்டுகள் சுருள்படிக்கட்டுப்போல அடுக்கப்பட்டிருக்க, அவற்றினிடையே ஒரே ஆர்.என்.ஏ. இழை பதிந்து கிடக்கிறது. இவ்வளவு கெட்டியான உறையுள்ள காரணத்தால் உலர்ந்த புகையிலையில் இது பல ஆண்டுகள் வலிமை குன்றாமல் இருக்கும். சுருட்டும் பீடியும் தொட்ட கையுடன் நாற்றைப் பிடுங்குபவரும், கொழுந்து கிள்ளுபவரும், இலைமேலுள்ள நுண்ணிய மயிர்களை அறியாமலே ஒடித்துவிடுகிறார்கள். ஒடிந்த மயிரின் அடியிலுள்ள உயிரணு சாகாமல் சிறிது காயப்பட்டு மீண்டுகொள்கிறது. வைரஸுக்கு வேண்டியது அத்தகைய காயமே. உயிரணு முழுவதும் நசுங்கிச் செத்துவிட்டால் அங்கே வைரஸ் பெருக வழியில்லை.

உள்ளே போனவுடன் நிகழ்வது கவனிக்கத்தக்கது. செடிக்கு வெளியே உறையின் துண்டுகளை இறுக்கிப் பிடிப்பதில் சுண்ணாம்புச் சத்தாகிய கால்சியத்துக்கும் பங்குண்டு. உயிரணுவின் உட்சாற்றிலோ கால்சியம் மிகமிகக் குறைவு. புளிப்பும் வெளியிலிருப்பதைவிடக் குறைவு. இந்த மாறுதலால் கோலின் ஒரு முனையில் மட்டும் பிடிப்புத் தளர்ந்து, சில துண்டுகள் கழன்று, இழையின் நுனி வெளியே தெரிகிறது. உயிரணுவில் புரதங்களைச் செய்வதற்கென்றே ரைபோசோம் என்னும் நுண்ணுறுப்புகள் உண்டு. அவை எந்த இழையின் நுனி கிடைத்தாலும் பற்றிக்கொண்டு, அதிலுள்ள கட்டளையைப் படித்துக்கொண்டே செல்லும் இயல்புடையவை. கட்டளை யாருடையது என்று பார்ப்பதில்லை. ரைபோசோம் முன்னேற முன்னேற, வழியிலுள்ள உறைத் துண்டுகள் ஒவ்வொன்றாகத் தள்ளப்பட்டு உதிர்கின்றன. வைரஸின் உறையைக் கழற்றுவதும் செடி. அதன் கட்டளையைப் படித்து நிறைவேற்றுவதும் செடி. வில்சன் என்பவர் 1984-ல் இதனை முதன்முதலாக எடுத்துக் காட்டினார். திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டு விளக்கையும் ஏற்றிவைக்கும் வீட்டுக்காரனுடைய நிலைமை இங்கே செடியின் நிலைமை.

உறை கழன்ற இழை முதலில் செய்விப்பது, தன்னைப்போல் பிரதிகளை எடுக்கும் புரதத்தை. ஓரிரு நாளில் ஆயிரக்கணக்கான பிரதிகள் உண்டாகின்றன. பக்கத்திலுள்ள உயிரணுக்களுக்குச் செல்ல அவற்றுக்கு மேலும் காயம் வேண்டியதில்லை. உயிரணுக்களை இணைக்கும் நுண்ணிய கால்வாய்கள் செடியில் இயல்பாகவே இருக்கின்றன. அவற்றை அகலப்படுத்துவதற்கென்றே வைரஸ் ஒரு புரதத்தைச் செய்வித்துக்கொள்கிறது. இவ்வாறு நரம்பை அடைந்து, உணவு ஓடும் குழாய் வழியாக வேருக்கும் குருத்துக்கும் பரவுகிறது. ஒரு வைரஸைக் கொல்லவேண்டுமானால், செடியின் ரைபோசோமையும் நொதிகளையும் உணவுக் குழாயையும் கெடுக்காமல் அதை மட்டும் பிரித்துத் தாக்கவேண்டும். பூஞ்சாணக்கொல்லிக்கும் ஸ்டிரெப்டோமைசினுக்கும் அத்திறமை இல்லை. நுண்ணூட்டச் சத்துத் தெளித்தால் இலை சில நாள் பசுமை காட்டலாம்; செடியினுள் வைரஸ் அப்படியே இருக்கும். அப்பசுமையைக் கண்டு ஏமாந்து நோய்ச்செடியை இன்னும் ஒரு மாதம் வயலில் வைத்திருப்பதே இத்தெளிப்பினால் விளையும் கேடு. கடைக்காரரைச் சொல்லிப் பயனில்லை. கேட்பவருக்கு ஏதாவது ஒன்றைக் கொடுப்பது அவர் தொழில்.

இனிப் பூச்சிகளைப் பற்றிச் சிறிது விரிவாகவே சொல்ல வேண்டும். பூச்சி மருந்து எங்கே உதவும், எங்கே உதவாது என்பது இதைப் பொறுத்தது. அசுவினி ஒரு செடியில் வந்து உட்கார்ந்ததும் அது தனக்கு ஏற்ற உணவுதானா என்று பார்க்க, ஊசிவாயால் மேல்தோலின் உயிரணுவைச் சில விநாடிகள் குத்திச் சுவைக்கிறது. பிடிக்காவிட்டால் பறந்துபோய் அடுத்த செடியைக் குத்துகிறது. பப்பாளி வளையப்புள்ளி நோயும் மிளகாயின் சிலவகைத் தேமல் நோய்களும் இச்சிறு குத்தினாலேயே பரவுகின்றன. வைரஸ் ஊசியின் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்து அடுத்த குத்தில் உயிரணுவினுள் இறங்கிவிடுகிறது. எவ்வளவு கொடிய பூச்சி மருந்தானாலும் அசுவினியைச் சாகடிக்கச் சில நிமிஷங்களாவது ஆகும். நோயைக் கொடுக்க அதற்குச் சில விநாடிகள் போதும். மருந்து பட்ட எரிச்சலில் அது மேலும் பல செடிகளில் தாவிக் குத்துவதும் உண்டு. எனவே பப்பாளித் தேமலைத் தடுப்பதற்காக வாரந்தோறும் பூச்சி மருந்து அடிப்பது காற்றில் பணத்தைத் தெளிப்பதற்கு ஒப்பாகும். வயலைச் சுற்றிச் சோளத்தையோ மக்காச்சோளத்தையோ இரண்டு மூன்று வரிசை நெருக்கமாக வளர்ப்பது அதைவிட நன்மை தரும். வெளியிலிருந்து வரும் அசுவினி முதலில் அங்கே உட்கார்ந்து குத்தி, ஊசியிலுள்ள வைரஸை அப்பயிரிலேயே துடைத்துவிடுகிறது. சோளத்துக்கு அந்த வைரஸால் தீங்கில்லை.

வெள்ளை ஈயும் வாழை அசுவினியும் செய்வது வேறு. வெண்டை, உளுந்து, மரவள்ளி ஆகியவற்றின் மஞ்சள் தேமல் வகை வைரஸ்களும், வாழையின் முடிக்கொத்து வைரஸும், செடியின் உணவுக் குழாயை ஒட்டியே தங்குகின்றன. பூச்சி நிதானமாக ஊசியை ஆழ இறக்கி நெடுநேரம் சாறு உறிஞ்சினால்தான் அவற்றைப் பெறும். பெற்ற வைரஸ் அதன் குடலைக் கடந்து, உடல்நீரில் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பியை அடைந்து, அதன் பிறகே உமிழ்நீரோடு வேறொரு செடியில் இறங்கும். அவ்வாறு பெற்றுவிட்ட பூச்சி பல நாள் நோயைச் சுமந்து திரியும். இவ்வைரஸ்களின் இழை டி.என்.ஏ.யால் ஆனது. அது உயிரணுவின் உட்கருவரை சென்று, அங்கே செடியின் சொந்த நொதிகளாலேயே இரட்டை இழையாக்கப்பட்டுப் பெருகுகிறது. இவ்வகை நோய்களில் பூச்சி நோயைப் பெறவும் கொடுக்கவும் நேரம் எடுத்துக்கொள்வதால், பயிரின் இளம்பருவத்தில் பூச்சியை அடக்குவது ஓரளவு பயன் தரும். நெல்லின் துங்ரோ நோய் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. அதில் இரண்டு வைரஸ்கள் கூட்டுச் சேர்ந்திருக்கின்றன. பயிரைப் பெரிதும் கெடுப்பது ஒன்று, பச்சைத் தத்துப்பூச்சி அதைச் சுமந்து செல்வதற்குத் துணை நிற்பது மற்றொன்று.

ஆகவே, பூச்சி மருந்து சில நோய்களுக்கு உதவும், சிலவற்றுக்கு உதவாது. எதிர்ப்புச் சக்தியுள்ள ரகங்கள் சில பயிர்களுக்கு உண்டு. உளுந்தில் வம்பன் 8 அத்தகையது. வாழைக்கும் பப்பாளிக்கும் அவ்வாறு எளிதில் சொல்ல முடியாது. புகையிலையின் உயிரணுவே வைரஸின் உறைப்புரதத்தைச் செய்யும்படி அமைத்து, உள்ளே வந்த வைரஸின் உறை கழலாதபடி தடுக்கலாம் என்று அமெரிக்காவில் 1986-ல் காட்டினார்கள். அச்செடிகளில் உறை நீக்கிய வெறும் ஆர்.என்.ஏ.யைத் தடவியபோது நோய் வந்துவிட்டது; உறை கழலும் இடத்திலேயே தடை ஏற்பட்டது என்பதற்கு அது நல்ல சாட்சி. அந்த ஆராய்ச்சியின் வழியில் வந்த, வேறு விதமாக வேலை செய்யும் பப்பாளி ரகங்கள் 1998-ல் ஹவாய்த் தீவில் பயிராயின. இந்தியாவில் அவை சாகுபடிக்கு வரவில்லை. இந்நிலையில் நோயுள்ள செடியை உடனே களைவதும், நோயற்ற நடவுப் பொருளை மட்டுமே நடுவதுமே எல்லா வைரஸ் நோய்களுக்கும் பொதுவான பாதுகாப்பு.

இதைக் கேட்டுத் தலையசைக்காத குடியானவர் இல்லை, செய்பவரே குறைவு. ஓர் ஏக்கர் வாழை வைத்திருப்பவர், ஒரு வருஷ உழைப்பில் வளர்ந்த மரத்தைக் குலை தள்ளும் தறுவாயில் வெட்ட மனம் ஒப்பாமை இயற்கையே. பருவம் கடந்து நோய் வந்த மரம் ஒரு சிறு குலையாவது கொடுக்கும் என்னும் எண்ணத்திலும் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அக்குலை பழுக்கும்வரை அம்மரத்தில் அசுவினி உட்கார்ந்து உண்டு பறக்கிறது. நோய் புகுந்து சில வாரங்களுக்குப் பிறகு, புதிதாக வரும் இலைகளில்தான் குறி தெரியும். ஆகையால் கண்ணுக்குத் தெரியும் ஒரு நோய் மரத்தைச் சுற்றி, நோய் புகுந்தும் குறி தெரியாத மரங்கள் ஏற்கெனவே இருக்கக்கூடும். ஒருவருடைய சிறு குலைக்காக அண்டை நிலத்தார் பத்துப்பேர் அடுத்த வருஷத் தோட்டத்தை இழப்பது நியாயமாகாது. கீழ்ப்பழனி மலைச் சரிவுகளில் புகழ்பெற்ற விருப்பாச்சி வாழைத் தோட்டங்கள் பெரும்பரப்பில் அழிந்தது இந்த முடிக்கொத்து நோயினாலேயே.

ஆஸ்திரேலியாவில் இதே நோய் 1920-களில் நியூ சவுத் வேல்ஸின் வடபகுதியிலும் குவீன்ஸ்லாந்தின் தென்பகுதியிலும் வாழைத் தோட்டங்களைக் கைவிடும் நிலைக்குக் கொண்டுவந்தது. வைரஸைக் கண்ணால் காணும் கருவி அப்போது இல்லை. எனினும், அது அசுவினியாலும் நோய்க் கன்றுகளாலும் மட்டுமே பரவுகிறது என்பதை மாகீ என்பவர் நிலைநாட்டி, 1927-ல் வெளியிட்டார். அதை ஆதாரமாகக் கொண்டு, நோய் மரத்தைக் கட்டாயமாக அழிக்கவும், கன்று கொண்டுபோவதைக் கட்டுப்படுத்தவும், தோட்டங்களைத் தொடர்ந்து சோதிக்கவும் சட்டம் செய்தார்கள். அங்கே வாழைச் சாகுபடி மீண்டு வந்தது. மருந்தினால் மீளவில்லை, எல்லாத் தோட்டக்காரரும் ஒரே காலத்தில் ஒரே ஒழுங்குக்கு உட்பட்டதனால் மீண்டது.

கட்டாயம் என்ற சொல்லே நம் கிராமங்களில் கசப்பை உண்டாக்கும். ஆயினும் இது புதிய கருத்தன்று. அறிவிக்கப்பட்ட பயிர்நோய் தோன்றினால் அதை ஒழிக்கும் பொறுப்பை நிலத்தை அனுபவிப்பவர்மேல் சுமத்தும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1919-லேயே இயற்றப்பட்டுவிட்டது. சட்டத்தைக் கையிலெடுக்குமுன் கிராமத்தாரே ஓர் ஏற்பாட்டுக்கு வருவது மேல். வாழை மிகுந்த கிராமங்களில், நோய் மரத்தை முதல் அடையாளத்திலேயே கொடுத்துவிடும் சிறு குடியானவரின் நஷ்டத்தில் ஒரு பங்கைத் தோட்டக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து ஏற்றுக்கொள்ளலாம். டானிக்குக்குச் செலவாகும் தொகையில் ஒரு பகுதியே இதற்குப் போதுமானதாக இருக்கும் இடங்கள் பல இருக்கும். கிராம அதிகாரிகளுக்கும் இதில் வேலை உண்டு. பயிர்ச் சேதத்தைக் குறிக்கையில் வைரஸ் நோயால் வந்த நஷ்டம் வறட்சியென்றோ சத்துக்குறைவென்றோ பதியப்பட்டால், மேலிடத்துக்கு நோயின் பரவுதல் தெரியவே தெரியாது. எந்தச் சர்வே எண்ணில், எந்த மாதத்தில், எத்தனை மரங்களில் முதலில் கண்டது என்று எழுதிவைத்தாலே அடுத்த பருவத்தில் எங்கே முதலில் பார்க்கவேண்டும் என்பது விளங்கும்.

நடவுப் பொருள் விஷயத்தில் அண்டை வீட்டுக் கன்று, உறவினர் கொடுத்த கரணை என்ற தாட்சண்யம் பெரும் கேடு விளைக்கிறது. நோய் மரத்தின் பக்கக்கன்று வெளித்தோற்றத்தில் நன்றாயிருந்தாலும் அதை நடக்கூடாது. மரவள்ளிக் கரணையை, இலைகள் முழுதும் இருக்கும்போதே தேமலற்ற செடிகளுக்கு அடையாளமிட்டு, அவற்றிலிருந்து மட்டும் எடுக்கவேண்டும். இலை உதிர்ந்த பின் தெரிந்தெடுப்பது குருட்டுத்தனம். வளர்நுனியின் மிகச்சிறு பகுதியில் வைரஸ் பெரும்பாலும் எட்டாத காரணத்தால், திசுவளர்ப்பு முறையில் நோயற்ற வாழைக்கன்றுகளைப் பெறுவது சாத்தியமே. ஆனால் திசுவளர்ப்பு என்ற பெயரே உறுதிச்சீட்டு ஆகாது. தாய்க்கிழங்கு வைரஸ் சோதனை செய்யப்பட்டதா என்பதே கேட்கவேண்டிய கேள்வி. 2006-ல் மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை தொடங்கிய சான்றளிப்புத் திட்டத்தின் சீட்டைக் கன்று வாங்கும்போது கேட்டுப் பெறலாம்.

முடிக்கொத்து கண்ட மரத்தைக் களையும் முறையிலும் ஒரு தவறு பரவலாகக் காணப்படுகிறது. குடியானவர் மரத்தை வெட்டி வரப்பில் எறிந்துவிடுகிறார். வெட்டிய மரம் வாட வாட, மட்டைகளின் இடுக்கிலும் அடித்தண்டைச் சுற்றியும் இருந்த அசுவினிகள் வைரஸைச் சுமந்துகொண்டு அடுத்த மரத்துக்குக் குடியேறுகின்றன. ஆஸ்திரேலியாவில் மரத்தைத் தொடுமுன் குருத்தினுள்ளே மண்ணெண்ணெய் ஊற்றி அசுவினியைக் கொன்றார்கள். இங்கும் முதல் நாள் சிபாரிசு செய்யப்பட்ட பூச்சி மருந்தைக் குருத்திலும் மட்டை இடுக்கிலும் தூரைச் சுற்றியும் நன்றாக நனையும்படி ஊற்றி, பூச்சி செத்ததைப் பார்த்த பிறகே மரத்தையும் அதன் கன்றுகள் அனைத்தையும் கிழங்கோடு தோண்டி எடுக்கவேண்டும். கிழங்கைக் கண் ஒன்றும் தப்பாதபடி சிறு துண்டுகளாக நறுக்கி வெயிலில் காயப்போட வேண்டும். மண்ணில் தங்கிய ஒரு கண் முளைத்தாலும் அது நோயோடே முளைக்கும். ஆதலால் தோண்டிய குழிகளை அடுத்த இரண்டு மாதங்கள் வாரம் ஒருமுறை சென்று பார்த்துவருவது அவசியம்.